அத்தியாவசியம் எனும் ஆயுதம்: ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகளும் வேலைநிறுத்தத் தடைச் சட்டமும்

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடைப்பட்ட சேக்காட்டில் ஒருவர் 'பேக்டரி வேலை' என்று சொன்னால், அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஏதோ ஒரு பட்டறையில் ஒப்பந்தக்காரரிடம் பெறும் கூலி வேலை. மற்றொன்று, கனரக வாகனத் தொழிற்சாலையிலோ, எஞ்சின் தொழிற்சாலையிலோ, படைத்துறை உடைத் தொழிற்சாலையிலோ பெற்ற நிரந்தர வேலை. இரண்டாவதைப் பெற்ற குடும்பத்தின் அடுத்த தலைமுறை கல்லூரிக்குச் செல்கிறது. முதலாவதைப் பெற்ற குடும்பத்தின் பிள்ளை பெரும்பாலும் அதே பட்டறை வாசலுக்கே வந்து சேர்கிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியவை இட ஒதுக்கீடும், வேலையைப் பாதுகாத்த தொழிற்சங்க உரிமையும் ஆகும். 2021ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு இவ்விரண்டில் ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றை மறைமுகமாகவும் தொட்டது.

2021 ஜூன் 30 அன்று குடியரசுத் தலைவர் 'அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம்' என்பதைப் பிறப்பித்தார். படைக்கலத் தொழிற்சாலைகளின் ஊழியர்கள் அடுத்த மாதம் 26ஆம் நாள் முதல் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்குவதாக அறிவித்திருந்தனர். இடதுசாரிச் சார்புள்ள அகில இந்தியப் பாதுகாப்புத் துறை ஊழியர் சம்மேளனம், காங்கிரஸ் சார்புள்ள இந்தியத் தேசியப் பாதுகாப்புத் தொழிலாளர் சம்மேளனம், ஆர்.எஸ்.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த பாரதிய பிரதிரக்ஷா மஸ்தூர் சங்கம் ஆகிய மூன்றும் ஒரே மேடையில் நின்ற அரிய தருணம் அது. தங்கள் சொந்த அரசியல் குடும்பத்தின் தொழிற்சங்கம்கூட எதிர்த்த ஒரு முடிவை நடைமுறைப்படுத்த, ஆட்சியாளர்களுக்குச் சிறைத் தண்டனை தேவைப்பட்டது.

சோசலிசப் பாணியிலிருந்து நிறுவனமயம் வரை

ஆவடி என்னும் பெயர், கவச வாகனங்களையும் வெடிபொருள் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்று உள்ளூரில் பலரும் உறுதியாகச் சொல்வார்கள். ஊர்ப் பெயருக்குப் பின்னாளில் கட்டப்பட்ட கதைதான் அது. ஆயினும் அக்கதை நிலைத்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இப்பகுதி பெரும் படைத்தளமாயிருந்தது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் பேரியக்கத்தின் மாநாடு இங்கே கூடி, 'சோசலிசப் பாணிச் சமுதாயம்' இந்தியாவின் குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த பத்தாண்டுகளில் அதே மண்ணில் அரசுக்குச் சொந்தமான தொழிற்சாலைகள் எழுந்தன. 1961இல் உடைத் தொழிற்சாலை வந்தது. 1965இல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' பீரங்கி வண்டி வெளிவந்தது. பின்னர் டி-72 அஜேயா, டி-90 பீஷ்மா, அர்ஜுன் என வரிசை நீண்டது. 1980களில் எஞ்சின் தொழிற்சாலை சேர்ந்தது.

நாடெங்கும் இத்தகைய 41 தொழிற்சாலைகள், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு துறையாகவே இயங்கின. அவற்றின் ஊழியர்கள் ஒன்றிய அரசு ஊழியர்கள். இந்த அமைப்பைக் கலைத்து நிறுவனமாக்க வேண்டும் என்னும் பரிந்துரை புதியதன்று. விஜய் கேல்கர் குழு, ஷேகத்கர் குழு என ஒவ்வொரு குழுவும் ஏதேனும் ஒரு வடிவில் அதைச் சொன்னது. உற்பத்திச் செலவு அதிகம், தரத்தில் குறை, காலதாமதம் என்பவை அரசு முன்வைத்த காரணங்கள். அவற்றில் சில உண்மையும் கூட. படைத்துறையும் தணிக்கைத் துறையும் பல ஆண்டுகளாக அத்தகைய குறைகளைச் சுட்டியுள்ளன. ஆனால் கொள்முதலைத் திட்டமிட்டவர்களும், வடிவமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தவர்களும், இறக்குமதியைத் தேர்ந்தெடுத்தவர்களும் வேறு கட்டடங்களில் இருக்க, பழி மட்டும் பட்டறைக்கு வந்தது என்று தொழிற்சங்கங்கள் சொன்ன மறுமொழியையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

2019 ஆகஸ்ட் 20 அன்று எண்பதாயிரத்தை ஒட்டிய ஊழியர்கள் ஒரு மாத வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கிவந்ததால் ஒரு வாரத்துக்குள் அது இடைநிறுத்தப்பட்டது. 2020 மே 16 அன்று, ஊரடங்கு நடுவில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 'தற்சார்பு இந்தியா' அறிவிப்புகளின் ஒரு பகுதியாக நிறுவனமயமாக்கலை மீண்டும் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபர் 12 முதல் தொடங்கவிருந்த வேலைநிறுத்தம், தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த சமரசப் பேச்சுக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது. இருமுறையும் பேசித் தீர்க்க முயன்ற அதே அரசு, 2021 ஜூன் 16 அன்று அமைச்சரவை ஒப்புதலைப் பெற்றபின், பேச்சை நிறுத்திக்கொண்டு தடையைக் கையிலெடுத்தது.

சட்டம் எதைக் குற்றமாக்கியது

மக்களவையில் ஆகஸ்ட் 3 அன்றும் மாநிலங்களவையில் ஆகஸ்ட் 5 அன்றும் அவசரச் சட்டம் முழுச் சட்டமாக நிறைவேறியது. பெகாசஸ் உளவு விவகாரத்தால் அவை அமளியில் இருந்த நாள்கள் அவை. ஒரு தலைமுறைத் தொழிலாளரின் உரிமையைப் பறிக்கும் மசோதா, விவாதம் என்று சொல்லத்தக்க ஒன்றே இன்றி நிறைவேறியது.

அச்சட்டத்தின் கூறுகளை மாணவர்கள் தனித்தனியே அறிந்திருப்பது நல்லது. பாதுகாப்புத் தளவாட உற்பத்தியோடு தொடர்புடைய எந்தப் பணியையும் 'அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவை' என அரசு கருதலாம். அதில் வேலைநிறுத்தத்தை ஆறு மாதங்களுக்குத் தடைசெய்து ஆணை பிறப்பிக்கலாம். தேவைப்பட்டால் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். தடையை மீறி வேலைநிறுத்தம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தூண்டுபவருக்கும், தெரிந்தே பணவுதவி செய்பவருக்கும் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றங்கள் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை, பிணையில் விடத்தகாதவை. விசாரணை நடத்துவது நடைமுறைக்கு இயலாது என்று அதிகாரி கருதினால், விசாரணையே இன்றிப் பணிநீக்கம் செய்யலாம்.

'வேலைநிறுத்தம்' என்பதன் பொருள் விரிவுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தம். சேவையைப் பராமரிக்கத் தேவையான மிகைநேர வேலையைச் செய்ய மறுப்பதும் வேலைநிறுத்தம். இடையூறு விளைவிக்கக்கூடிய வேறு எந்த நடத்தையும் அதனுள் அடங்கும். பணவுதவி பற்றிய பிரிவைச் சேக்காட்டுத் தெருவில் வைத்துப் படித்துப் பார்க்கலாம். சம்பளம் நின்றுபோன வீடுகளுக்கு அரிசி வாங்க அண்டை வீட்டார் வசூலிக்கும் நிதியும், வேலைநிறுத்தம் நீடிக்க உதவியது என்ற வாதத்துக்கு இடம்கொடுக்கும்.

ஒப்புநோக்குக்கு ஒரு கணக்கு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு உச்ச தண்டனை ஒரு மாதச் சிறையும் 50 ரூபாய் அபராதமும்தான். 1968ஆம் ஆண்டின் அத்தியாவசியச் சேவைகள் பராமரிப்புச் சட்டத்தில் அது ஆறு மாதமும் 200 ரூபாயும். 2021இல் ஓராண்டும் 10,000 ரூபாயும். நேருவின் காலத்தில் 1960 ஜூலையில் ஒன்றிய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும், 1968 செப்டம்பர் 19 அன்று ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் செய்தபோதும், அரசு கையாண்ட கருவி அவசரச் சட்டமே. கட்சிகள் மாறின, கருவி மாறவில்லை, கனம் மட்டும் கூடியது.

முதலாளி கதவடைப்புச் செய்வதையும் இச்சட்டம் தடைசெய்கிறது என்று ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டினர். உண்மைதான். ஆனால் இங்கே முதலாளி அரசே. தான் இயற்றிய சட்டத்தின்கீழ்த் தன்னைத் தானே சிறைக்கு அனுப்பும் அரசை எவரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஓராண்டில் காலாவதியாகும் என்ற விதியும் சட்டத்தில் இருந்தது. அந்த ஓராண்டுதான் அரசுக்குத் தேவைப்பட்டது. 2021 அக்டோபர் 1 அன்று வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகளும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும், ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் நிகம் நிறுவனத்துக்குச் சென்றன. வேலிக்கு அப்பால் உள்ள உடைத் தொழிற்சாலையோ கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 23 அன்று, 118 அர்ஜுன் பீரங்கி வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பிலான ஆணையை இதே கனரக வாகனத் தொழிற்சாலைக்குத்தான் அரசு வழங்கியிருந்தது. திறனற்றது என்று சொல்லி உருமாற்றப்பட்ட தொழிற்சாலை அது என்பதை நினைவில் கொள்ளலாம்.

ஜூலை 26 வேலைநிறுத்தம் நடக்கவில்லை. வேலைக்கு இடையூறில்லாத கண்டன நிகழ்வுகளாக அது சுருங்கியது.

சமையற்காரரும் முடிதிருத்துநரும் படைவீரரா?

இந்தியாவில் வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அடிப்படை உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே வங்கி ஊழியர் வழக்கில் கூறிவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமை உண்டு. அச்சங்கம் தன் ஒரே ஆயுதத்தைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, 'டெஸ்மா' சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, அறவுரிமையோகூட இல்லை என்றது. அந்த நாள்களில் விடியற்காலையில் வீடு புகுந்து நடந்த கைதுகளைத் தமிழ்நாட்டு அரசு ஊழியர் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை.

பாதுகாப்புத் துறையின் குடிசார் ஊழியர் நிலை இதனினும் தாழ்ந்தது. அரசு ஊழியரை விசாரணையின்றி நீக்கக்கூடாது எனக் காக்கும் 311ஆம் உறுப்பு, பாதுகாப்பு தொடர்பான பதவிகளைத் தன் பாதுகாப்புக்குள் சேர்க்கவில்லை. 310ஆம் உறுப்பின்படி அவர்கள் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பணியில் இருப்பவர்கள். தபால் ஊழியருக்கு இருந்த கவசம், பீரங்கிக்குக் கவசம் செய்தவருக்கு அரசியல் சட்டத்தில் இருக்கவில்லை. பணிவிதிகள் மட்டுமே அவரைக் காத்தன.

இந்த இடத்தில், அதிகம் பேசப்படாத ஒரு தீர்ப்பைக் குறிப்பிட வேண்டும். 1975இல் அச்சுதன் நாயர் வழக்கில், ஐதராபாத், செகந்திராபாத் படைத்துறை நிலையங்களின் குடிசார் ஊழியர்கள் தாங்கள் சங்கம் அமைப்பதைத் தடுக்கக்கூடாது என வாதிட்டனர். அவர்கள் யார்? சமையற்காரர், காவலாளி, லஸ்கர், முடிதிருத்துநர், தச்சர், காலணி செய்பவர், தையற்காரர். இவர்கள் போரிடாவிட்டாலும் படையோடு பிரிக்கமுடியாதவர்கள்; ஆகவே 33ஆம் உறுப்பின்கீழ் இவர்களது சங்க உரிமையை நீக்கலாம் என்றது நீதிமன்றம். முடி வெட்டுதல், தோல் வேலை, துணி வேலை ஆகியவை எந்தச் சாதிகளின் மீது சுமத்தப்பட்ட தொழில்கள் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் சாதியால் கட்டுண்ட தொழிலைச் செய்தவர், படை முகாமுக்குள் வந்ததும் சட்டத்தால் கட்டுண்டார். படைவீரருக்குரிய மதிப்போ ஓய்வூதியமோ அவர் வீட்டு வாசலுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. படைக்கலத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் இந்தத் தீர்ப்பின் வலைக்குள் விழாமல், அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களோடு இயங்கிவந்தார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடைவெளியை அடைத்தது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சங்க உரிமைக் குழு இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டைக் கொண்டுள்ளது. படைவீரரையும் காவல்துறையையும் விலக்கலாம். ஆனால் படைத்துறையின் உற்பத்தி நிலையங்களில் வேலைசெய்யும் குடிசார் தொழிலாளர்க்குச் சங்க உரிமை இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சங்க உரிமை, கூட்டுப் பேரம் ஆகியவற்றுக்கான 87, 98 ஆகிய உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்றுக் கையொப்பமிடவில்லை.

1921: காக்கித் துணியும் புளியந்தோப்பும்

வேலைநிறுத்தம் என்றால் தலித் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க வேண்டும் என்று சொல்ல இக்கட்டுரை முனையவில்லை. சென்னையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

ஆவடியிலிருந்து தொடர்வண்டியில் கிழக்கே சென்றால் பெரம்பூர். அங்கே பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. முதல் உலகப் போரில் ஆங்கிலப் படைக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்தவை அவை; இன்றைய மொழியில் சொன்னால் பாதுகாப்பு உற்பத்தி நிலையங்கள். 1918இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் இங்கேதான். 1921இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது சாதி இந்துத் தொழிலாளரும் இசுலாமியத் தொழிலாளரும் வெளியேற, ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். அவர்களைக் 'கருங்காலிகள்' என்றழைத்தது சங்கம். புளியந்தோப்புச் சேரிகள் தீக்கிரையாயின. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அரசு ஆதிதிராவிடருக்கு முகாம் அமைத்துக் காப்பளித்தது. அந்தக் காப்பே நிர்வாகத்துக்குச் சாதகமாகவும் அமைந்தது. ஆதிதிராவிடரை நகரத்தைவிட்டே அகற்ற வேண்டும் என்ற குரல் நீதிக் கட்சியின் தலைமையிலிருந்தே எழுந்தது. எம்.சி. ராஜா அதைக் கடுமையாக எதிர்த்தார். 1923இல் அக்கட்சியைவிட்டும் வெளியேறினார்.

அந்தத் தொழிலாளர்கள் ஏன் வேலைக்குச் சென்றார்கள்? அன்றாடக் கூலியின்றி ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க இயலாத வறுமை ஒரு காரணம். சங்கத்தின் தலைமையில் தங்களுக்கு இடமில்லை என்ற அனுபவம் மற்றொன்று. பம்பாய் ஆலைகளிலும் இதே நிலைதான். நெசவுப் பிரிவில் அறுந்த நூலை வாயில் ஈரப்படுத்தி முடிச்சிட வேண்டியிருந்ததால், 'தீட்டு' என்று சொல்லித் தீண்டப்படாதோரை அங்கே சேர்க்க மறுத்தனர் சக தொழிலாளர்கள். கூலி அதிகமான பிரிவு அது. 1920களின் இறுதியில் பொதுவுடைமையரின் வேலைநிறுத்தங்களை அம்பேத்கர் எதிர்த்ததற்கு இதுவும் காரணம். அரசு ஒரு வேலைநிறுத்தத்தை உடைக்க முற்படும்போது முதலில் தேடுவது, தொழிலாளருக்குள் ஏற்கெனவே இருக்கும் விரிசலைத்தான். இந்தியாவில் அந்த விரிசலுக்குச் சாதி என்று பெயர்.

அம்பேத்கரின் இரண்டு நிலைகள்

1938இல் பம்பாயின் காங்கிரஸ் அரசு தொழில் தகராறுகள் மசோதாவைக் கொண்டுவந்து, சமரசக் காலத்தில் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கியபோது, அதே அம்பேத்கர் சட்டமன்றத்தில் மிகக் கூர்மையான உரையை நிகழ்த்தினார். விருப்பமின்றி ஒருவரை வேலை செய்யவைப்பது அடிமைத்தனமே என்பதும், வேலைநிறுத்த உரிமை விடுதலை உரிமையின் மறுபெயரே என்பதும் அவர் வாதத்தின் சாரம். நவம்பர் 7 அன்று சுதந்திரத் தொழிலாளர் கட்சி, தான் முன்பு எதிர்த்த பொதுவுடைமையரோடு கைகோத்து ஒருநாள் வேலைநிறுத்தத்தை நடத்தியது.

ஆனால் 1942 ஜூலையில் அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்றபோது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 81-அ பிரிவு நடைமுறையில் இருந்தது. போர் உற்பத்திக்காக வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யவும், தகராறைக் கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்பவும், அத்தீர்ப்பை முதலாளி மீது செலுத்தவும் அரசுக்கு அது அதிகாரம் கொடுத்தது. அம்பேத்கரின் துறையே அதைக் கையாண்டது. இதை முரண்பாடு என்று கடந்துவிடுவது எளிது. பாசிசத்துக்கு எதிரான போரை வென்றாக வேண்டும் என்று அவர் கருதினார் என்பது ஒருபுறம். மறுபுறம், தடையோடு அவர் சேர்த்துப் பெற்றவற்றைப் பார்க்க வேண்டும். அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் அமரும் முத்தரப்பு மாநாடு 1942 ஆகஸ்டில் அவர் தலைமையில் கூடியது. 1943இல் ஒன்றியப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது. வாரத்துக்கு 48 மணிநேர வேலை என்னும் வரம்பு 1946இல் சட்டமானது. வேலைநிறுத்தத்தைத் தற்காலிகமாக இழந்தவர்களுக்கு நடுவர் தீர்ப்பு என்ற மாற்று வழி இருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. தடைசெய்யப்பட்டவரின் கோரிக்கையை விசாரித்துத் தீர்ப்பளிக்கச் சுதந்திரமான அமைப்பொன்றை அது உருவாக்கவில்லை.

அமெரிக்காவில் 1941 ஜூன் மாதம் இதையொத்த இரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஜூன் 9 அன்று கலிபோர்னியாவின் இங்கிள்வுட்டில், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் விமானத் தொழிற்சாலையின் வேலைநிறுத்தத்தை உடைக்க அதிபர் ரூஸ்வெல்ட் படையை அனுப்பினார். ஜூன் 25 அன்று, பாதுகாப்புத் தொழில்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையில் அதே ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். இரண்டாவது, தானாக வந்ததன்று. கறுப்பின ரயில் பணியாளர் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனை நோக்கிப் பெரும்பேரணி நடத்தப்போவதாக அறிவித்திருந்தார். பாதுகாப்பு உற்பத்தி அத்தியாவசியம் என்றால், அதிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பேரம் பேசும் ஆற்றலும் கூடுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஆவடியில் எது இழக்கப்படுகிறது

2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆவடியை உள்ளடக்கிய திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும், அருகிலுள்ள பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிகள். தமிழ்நாட்டில் உள்ளூர் அடிப்படையில் நேரடியாக நிரப்பப்படும் ஒன்றிய அரசின் 'சி' பிரிவுப் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 19 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்பது ஒதுக்கீட்டு முறை. தச்சர், பிட்டர், வெல்டர், தையற்காரர் என ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கு அந்த 19 விழுக்காடு திறந்த வாசல், அம்பத்தூரின் தனியார் பட்டறைகளில் கிடையாது.

நிறுவனமயமாக்கல் இட ஒதுக்கீட்டை ஒழித்துவிட்டது என்று சிலர் மேடையில் பேசுவதுண்டு. அது துல்லியமான கூற்றன்று. ஏழு நிறுவனங்களும் முழுமையாக ஒன்றிய அரசுக்குச் சொந்தமானவை. பொதுத்துறை நிறுவனங்களுக்கு இட ஒதுக்கீடு பொருந்தும். ஆபத்து வேறு வழியில் வருகிறது. நிரந்தரப் பணியிடம் நிரப்பப்படாதபோது, அதோடு அதன் ஒதுக்கீடும் உறங்கிப்போகிறது. 45 நாள்களும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இட ஒதுக்கீடு உண்டு என்று ஒன்றிய அரசின் ஆணை இருக்கிறது. ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆள்களுக்கு அது எட்டாது. ஒரு வேலை நிரந்தரத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு நகரும் ஒவ்வொரு முறையும், ஒரு சட்டமும் திருத்தப்படாமலேயே இட ஒதுக்கீடு சுருங்குகிறது. பங்கு விற்பனை என்றாவது நிகழ்ந்து அரசின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கினால், ஒதுக்கீட்டுக் கடப்பாடே நீங்கிவிடும். இந்நகர்வுகளை எதிர்த்து நிற்க ஊழியரிடம் இருந்த கடைசிக் கருவி வேலைநிறுத்தம்.

உடைத் தொழிற்சாலையின் நிலை இன்னும் கவலைக்குரியது. பீரங்கி வண்டியைத் தனியார் உடனே செய்துவிட முடியாது. சீருடையைத் தைத்துவிட முடியும். போட்டி ஒப்பந்தப்புள்ளிக்குத் தள்ளப்பட்ட துணிப்பிரிவுத் தொழிற்சாலைகளுக்குப் போதிய ஆர்டர் வருவதில்லை என்பது சங்கங்கள் தொடர்ந்து எழுப்பும் புகார்.

இங்கே தொழிற்சங்கங்களிடமும் ஒரு கேள்வி உண்டு. நிரந்தர ஊழியரின் அரசுப் பணி நிலை காக்கப்பட வேண்டும் என்ற முழக்கம் ஓங்கி ஒலித்த அளவுக்கு, அதே வளாகத்தைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளரின் கூலியும் பாதுகாப்பும் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் முன்வரிசைக்கு வந்ததில்லை. பட்டியல் சாதி ஊழியர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கங்களை ஒன்றிய அரசு நிறுவனங்கள் பலவற்றில் அமைத்துக்கொண்டதன் காரணத்தை, பொதுச் சங்கங்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். 1921இன் விரிசல் ஆலையோடு மூடப்பட்டுவிடவில்லை.

இப்போது எது நடைமுறையில் உள்ளது

2021ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு முடிந்ததும் காலாவதியானது. ஊழியர்கள், பணியிலிருந்து விலகாமலேயே புதிய நிறுவனங்களுக்கு 'அயற்பணி'யில் அனுப்பப்பட்டவர்களாகக் கருதப்பட்டனர். முதலில் இரண்டாண்டு என்றிருந்த இக்காலம் ஒருமுறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டுள்ளது. ஓய்வுபெறும் வரை ஒன்றிய அரசு ஊழியராகவே நீடிக்க வேண்டும் என்பது சங்கங்களின் கோரிக்கை.

தடை போய்விட்டது என்று கருத வேண்டாம். 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. முன்பு பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரிகிறது: 14 நாள் முன்னறிவிப்பு இன்றி வேலைநிறுத்தம் கூடாது, சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. 2021இல் பாதுகாப்புத் துறைக்கென்று சொல்லப்பட்ட இந்தக் கூறு, இன்று அம்பத்தூர் பட்டறைக்கும் பொருந்துகிறது. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் பங்கேற்கும் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் செயல்பாடுகளோ 'தொழில்' என்னும் வரையறைக்கே வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரே ஆவடியில், தொழிற்சாலை ஊழியருக்கு ஒரு சட்டநிலை. போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊழியருக்கு வேறொரு சட்டநிலை.

இதில் மாணவர்கள் செய்யத்தக்க வேலையும் உண்டு. ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டைப் பராமரிக்கவும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்கவும் கடமைப்பட்டது. இந்நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை, ஒப்பந்தக்காரர் மூலம் உள்ளே வருவோர் எத்தனை பேர் என 2021 அக்டோபர் 1க்கு முன்னும் பின்னுமாக ஆண்டுவாரியாகக் கேட்டுப் பெறலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.